இடுப்பில் தரிக்கும் சிறு கத்தி



பனமலை என்னும் பெயரிலேயே பனை இருக்கிறது. மலைமேல் பல்லவ மன்னன் இராஜசிம்மன் 8-ம் நூற்றாண்டின் துவக்கத்தில் எடுப்பித்த கோயிலில் எழுந்தருளியுள்ள சுவாமிக்குத் தாலகிரீசுவரர் என்று திருநாமம்; தாலம் என்பதும் பனையே. வெளியூரிலிருந்து வருவோர் அக்கோயிற் சுவரில் எஞ்சியிருக்கும் தேவியின் வர்ண சித்திரத்தைக் கண்டு வியந்து திரும்புகிறார்கள். அடிவாரத்துப் பனைகளையும், அவற்றில் ஏறுகிறவர் இடுப்பில் கட்டியிருக்கும் பெட்டியையும் நின்று பார்ப்பவர் சிலரே. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கத்தியிடம் குடியானவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது சிறிது உண்டு. தினந்தோறும் வெளியே எடுத்துச் செல்ல ஒரு சிறு கத்தி வாங்குவது எப்படி என்பதே இந்த உபந்நியாசத்தின் விஷயம்.

கழனிக்கும் காட்டுக்கும் போகிறவர்கள் அரிவாளையும் மண்வெட்டியையும் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனத்தைச் சிறு கத்தியின் விஷயத்தில் காட்டுவதில்லை. அரிவாளுக்கென்று ஒரு பருவம் உண்டு; அறுப்பு முடிந்ததும் அது இறவாணத்தில் செருகப்பட்டுவிடும். சிறு கத்தியோ தினமும் வேண்டியது. வேப்பங்குச்சியை நறுக்குவது, மணிலாக்கொட்டை மூட்டையின் தையலைப் பிரிப்பது, ஆட்டுக்குத் தழை கழிப்பது, சொட்டுநீர்க் குழாயைச் சீராக அறுப்பது, கொய்யாவுக்கும் மாவுக்கும் ஒட்டுக் கட்டுவது, புல்லுக்கட்டின் கயிற்றை அறுப்பது, பொழுது சாயும் வேளையில் காலில் தைத்த கருவேல முள்ளைச் சுற்றியுள்ள தோலைப் பதமாக நீக்குவது ஆகிய இவ்வளவும் அரிவாளால் ஆகிற காரியங்கள் அல்ல. அரிவாளைக் கொண்டு இவற்றைச் செய்யப் போய் விரலை அறுத்துக்கொண்டவர்கள் எந்தக் கிராமத்திலும் உண்டு.

இவை எல்லாவற்றிலும் முக்கியமான உபயோகம் ஒன்று உண்டு. மேய்ச்சலில் முளையடித்துக் கட்டிய மாடு சுற்றிச் சுற்றி வந்து, கயிறு கழுத்தை இறுக்க, வாய்க்காலில் சறுக்கி விழுந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முடிச்சு நனைந்து இறுகியிருக்கும், விரலால் அவிழாது. மாடு திமிறிக்கொண்டிருக்கும். ஒரு கை மாட்டின் தலையைத் தாங்கிப் பிடித்தாக வேண்டும். மிச்சம் இருப்பது ஒரே கை. மிச்சம் இருப்பது சில நிமிஷங்கள். அந்த ஒரு கையால் இடுப்பிலிருந்து உருவி, அதே கையால் கயிற்றை அறுக்கக்கூடிய கத்திதான் அப்போது உதவும். வீட்டுக்கு ஓடி அரிவாள் கொண்டுவருவதற்குள் கறவை மாட்டின் விலை போய்விடும். சங்கத்தில் கடன் வாங்கி வாங்கிய மாடானால், மாடு போன பிறகும் கடன் நிற்கும்.

ஆகையால்தான் மடக்குக் கத்தியைக் காட்டிலும் பிடியோடு நிலையாகப் பொருந்திய கத்தி குடியானவருக்கு உகந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மடக்குக் கத்தி பட்டணத்தில் சட்டைப்பைக்கு ஏற்றது. அதைத் திறக்கப் பெரும்பாலும் இரண்டு கை வேண்டும். சேறும் மணலும் அதன் கீலில் புகுந்துகொள்ளும். மலிந்த விலைக்கு விற்பவற்றில் திறந்த அலகைத் தடுத்து நிறுத்தும் பூட்டு இராது. அழுத்தி அறுக்கும்போது அலகு மடிந்து விரல்களின் மேலேயே சாத்திக்கொள்ளும். செஞ்சியில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்குப் போகிறவர்களைப் பளபளக்கும் மடக்குக் கத்திகள் கண்ணை இழுக்கலாம். வாங்குமுன் ஈரக்கையோடும் ஒற்றைக்கையோடும் அதைத் திறந்து பார்ப்பது நலம். பெரும்பாலும் அந்த ஒரு சோதனையே போதும்.

இனி அளவு. பெரிய கத்தியாக வாங்கினால் சிறிய வேலைக்கும் பெரிய வேலைக்கும் உதவுமே என்று பலர் எண்ணுகிறார்கள். அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. விறகு பிளப்பதற்கும் மட்டை கழிப்பதற்கும் கொடுவாள் இருக்கிறது. அந்த வேலைக்கென்று நீண்ட கத்தியை இடுப்பில் வைத்தால், குனியும்போது தொடையில் இடிக்கிறது, பஸ்ஸில் உட்காரும்போது பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்கிறார், சில நாளில் அது வீட்டிலேயே தங்கிவிடுகிறது. வீட்டில் தங்கிய கத்தி வாய்க்காலில் விழுந்த மாட்டுக்கு உதவாது. உள்ளங்கையின் அகலத்திலிருந்து 4 அங்குலம் வரையில் அலகு நீளம், ஓர் அங்குலத்துக்கு மேற்படாத அகலம், முதுகில் 3 மில்லிமீட்டர் கனம் என்ற அளவு போதும். இது இந்நாட்டு அபிப்பிராயம் மட்டும் அன்று. பனி மூடிய பின்லாந்து தேசத்தில் குடியானவரும் வேட்டைக்காரரும் தலைமுறை தலைமுறையாக இடுப்பில் தரித்து வரும் ‘புக்கோ’ என்னும் கத்தியின் அலகும் ஏறக்குறைய உள்ளங்கை அகலமே. பக்கத்திலுள்ள ஸ்வீடன் தேசத்தில் மோரா என்னும் ஊரில் செய்யப்படும் மலிவான கத்தியும் அப்படிப்பட்டதே. தச்சரும் மீனவரும் குடியானவரும் அதையே வைத்துக்கொள்கிறார்கள். மரமும் கால்நடையும் கொண்டு பிழைக்கும் ஜனங்கள் எந்தச் சீமையில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்து சேர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது.

இங்கே பனையேறியின் கத்தியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பனையேறியிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வெட்டுக் கருவி உண்டு. மட்டை கழிக்கக் கனமானது ஒன்று. பாளை சீவ மெல்லியது மற்றொன்று. பாளை அரிவாள் என்று சொல்லப்படும் இந்த இரண்டாவதை அவர் எதற்கும் கடன் கொடுப்பதில்லை, வேறு வேலைக்கும் தொடுவதில்லை. தை மாசி தொடங்கி ஆனி ஆடி வரையில் பருவத்தில் காலையும் மாலையும் ஏறி, ஒவ்வொரு பாளையின் நுனியையும் காகிதம் போல் மெல்லியதாகச் சீவ வேண்டும். வாய் மழுங்கியிருந்தால் பாளையின் நார் அறுபடாமல் நசுங்கும்; நசுங்கிய இடம் அடைபட்டுச் சொட்டு குறையும்; பதநீர் குறைந்தால் அன்றைய வெல்லமும் குறையும். ஆகவே கத்தியின் கூர்மையை வாய்ச்சொல்லால் அல்ல, கலயத்தில் விழுந்த அளவால் அறிகிறவர் அவர். மரத்தின் உச்சியில், காலில் தளையோடு, ஒரு கை மட்டையைப் பற்றியிருக்க, மற்றக் கையால் பெட்டியிலிருந்து எடுத்துச் சீவிவிட்டு மறுபடி பெட்டியில் வைக்கிறார். கத்தி கை நழுவினால் இறங்கித்தான் எடுக்க வேண்டும். கீழே நிற்பவர் தலையில் விழுந்தால் அதைச் சொல்லவும் வேண்டாம். எனவே பிடி, கூர், பெட்டி ஆகிய மூன்றில் எதிலும் குறை வைத்துக்கொள்ள அவருக்கு இடமே இல்லை.

அவர் கத்தியைத் தீட்டும் முறையும் வேறு. கரடான கல்லில் அவர் தேய்ப்பதில்லை. வெங்கச்சங்கல்லை நன்றாகப் பொடித்துச் சலித்து, அந்தப் பொடியைப் பலகையில் தூவி, அதன்மேல் அலகைப் படுக்கவைத்து முன்னும் பின்னும் இழுக்கிறார். பலகை கல்லைப்போல் வாயைத் தின்பதில்லை, மென்மையாக மெருகேற்றுகிறது. செஞ்சி மலைகளைச் சுற்றியுள்ள ஊர்களில் பாறைக்கும் கல்லுக்கும் பஞ்சம் இல்லை. திண்ணைப் பாறையிலும் கிணற்றடிக் கல்லிலும் கத்தியைத் தேய்த்துத் தேய்த்து ஒரு வருஷத்தில் அலகைப் பாதியாக்குகிற குடியானவர்கள், பக்கத்துத் தோப்பில் பனையேறி செய்வதை ஒரு நாள் அருகில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

எந்த உருக்கில் செய்த கத்தியை வாங்குவது என்பதே அடுத்த கேள்வி. கடைத்தெருவில் தகடு போல் தட்டி, முலாம் பூசி, பெட்டியில் அடுக்கி வைத்திருப்பது ஒரு வகை. ஊரிலோ அடுத்த ஊரிலோ கொல்லுப்பட்டறையில் அடித்துத் தருவது மற்றொரு வகை. பட்டறைக் கத்திக்குப் பெரும்பாலும் லாரியின் பழைய வில்பட்டையே மூலப்பொருள். அதில் நூற்றுக்கு அரை பங்கிலிருந்து முக்கால் பங்கு வரையில் கரி சேர்ந்திருக்கும், எளிதில் உடையாது, சிறு கத்திக்கு நல்ல பொருள். தேய்ந்த அரத்தைக் காய்ச்சி அடித்துச் செய்வதும் உண்டு. அரத்தில் கரி நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேலும் இருக்கும். கூர் அற்புதமாக நிற்கும். ஆனால் பதம் தவறினால் கண்ணாடிபோல் சிதறும். கட்டடத்துக்குப் போடும் சாதாரணக் கம்பியில் அடித்துத் தருகிறவர்களும் உண்டு. அதற்கு எத்தனை மெருகு கொடுத்தாலும் வாய் நிற்காது, ஏனெனில் கடினமாவதற்கு வேண்டிய கரி அதில் இல்லை.

நல்ல உருக்காயிருந்தாலும் பதம் இல்லாவிட்டால் பயனில்லை. பதம் என்பது மந்திரம் அன்று. அலகைச் சிவக்கக் காய்ச்சும்போது ஒரு நிலையில் காந்தம் அதில் ஒட்டாமல் போகும். அது சுமார் 770 டிகிரி சென்டிகிரேட். அதற்குச் சற்று மேலே சூடேற்றி எண்ணெயில் தோய்த்தால் உருக்கு மிகக் கடினமாகிறது. அந்த நிலையில் அதைக் கீழே போட்டால் உடைந்தாலும் உடையும். ஆகவே பட்டறைக்காரர் அதைத் துடைத்து மெருகேற்றி, மறுபடி இளஞ்சூட்டில் வாட்டுகிறார். 220 டிகிரியை நெருங்கும்போது பளிச்சென்ற அலகின்மேல் வெளிறிய வைக்கோல் நிறம் ஓடும்; 250-ஐத் தாண்டும்போது பழுப்பாகும்; 300-ல் நீலமாகும். சிறு கத்திக்கு வைக்கோல் நிறத்துக்கும் பழுப்புக்கும் இடையில் நிறுத்துவது நல்லது. நீலம் வரையில் விட்டால் வில்லுக்கு ஆகும், வாய்க்கு ஆகாது. இந்த வித்தையைக் கண்ணாலும் கையாலும் மட்டுமே அறிந்த ஆசாரிகள் ஒரு டிகிரிக் கணக்கும் தெரியாமல் மிகச் சரியாக நிறுத்துவார்கள்.

வாங்குகிறவர் இதைச் சோதிக்க முடியுமா என்றால், முடியும். ஒரு நல்ல அரத்தை வாயின் ஓரத்தில் மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். அரம் வழுக்கிக்கொண்டு போனால் பதம் ஏறியிருக்கிறது; தகரத்தைக் கடிப்பதுபோல் கடித்தால் ஏறவில்லை. தீட்டிய வாயை ஒரு பித்தளைக் கம்பியின்மேல் சாய்த்து மெல்ல அழுத்தினால் வாய் சிறிது வளைவது தெரியும். விட்டதும் நேராகிவிட்டால் நல்ல பதம். வளைந்தபடியே நின்றால் மிருது. பொரிந்து உதிர்ந்தால் கடினம் மிஞ்சிவிட்டது. கத்தியைச் சுண்டி ஓசை கேட்பது, முடியை ஊதிப் பார்ப்பது முதலிய வேடிக்கைகளால் விற்கிறவருக்கே லாபம்.

உருக்கைப் பற்றிப் பேசும்போது பழைய தென்னாற்காடு ஜில்லாவின் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்தப் பக்கமெல்லாம் 1993-ம் வருஷத்தில் விழுப்புரம் ஜில்லாவாகப் பிரிவதற்கு முன் அதில்தான் சேர்ந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், 1830-ம் வருஷத்தை ஒட்டி, பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை ஏற்படுத்தினார். சேலம் பக்கத்து இரும்புக் கல்லை மரக்கரியால் உருக்குவது திட்டம். பணம் நிறைய முழுகியது. சில பத்து வருஷங்களில் ஆலையும் முழுகியது. ஆனால் இங்கிலாந்துக்குத் திரும்பிய ஹீத், உருக்குக் காய்ச்சும்போது மாங்கனீஸ் சேர்த்தால் மட்ட இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு எடுக்கலாம் என்று கண்டு 1839-ல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு நகரத்துக் கத்தி உற்பத்தியாளர்கள் அம்முறையால் செலவு குறைந்து கொழுத்தார்கள். அவருக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடாமல் வழக்காடினார்கள். ஒரு காலத்தில் இந்நாட்டுக் கடைகளில் ‘ஷெபீல்டு’ என்று முத்திரை போட்டு வந்த கத்திகளுக்கு ஜனங்கள் கொடுத்த மரியாதை பெரிது. அந்த உருக்கின் கதையில் நம் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு என்று எத்தனை பேர் அறிந்தார்கள்!

அதே ஷெபீல்டில் 1913-ம் வருஷம் ஹாரி பிரியர்லி என்பவர் செய்த துருப்பிடியாத உருக்கு இன்று எல்லா அடுப்பங்கரையிலும் புகுந்திருக்கிறது. நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் சேர்ப்பதால் அது துருவை எதிர்க்கிறது. ஏரிக்கரையிலும் கரும்புக் கொல்லையிலும் ஈரத்திலேயே நிற்பவருக்கு அது ஸௌகரியம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மலிவாக விற்கும் தகட்டுக் கத்திகளில் பல பதம் குறைந்தவை. அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். வாய் போனால் ஊர்ப் பட்டறையில் மறுபதம் ஏற்றவும் இயலாது. பட்டறைக் கத்தி துருப்பிடிக்கும், உண்மை. வேலை முடிந்ததும் துடைத்து, விரலில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவினால் துரு வராது. மாங்காயும் புளியும் நறுக்கியதால் அலகு கறுத்துப்போவதைக் கண்டு பயப்பட வேண்டாம்; அந்தக் கறுப்பு துருவன்று.

பிடியில்தான் மலிந்த கத்திகள் பெரும்பாலும் கைவிடுகின்றன. அலகின் காம்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்து வாங்க வேண்டும். ஓர் அங்குலம் மாத்திரம் செருகி அரக்கு வைத்து ஒட்டியிருந்தால், ஒரு நாள் அழுத்தி அறுக்கும்போது பிடி கையிலும் அலகு காற்றிலும் இருக்கும். காம்பு பிடியின் கோடி வரையில் ஓடி, கடைசியில் அடித்து மடக்கியிருப்பது நல்லது. அல்லது பிடியளவு அகலமாகவே இருந்து, இருபுறமும் கட்டை வைத்துத் தறையப்பட்டிருப்பது இன்னும் நல்லது. முன்பக்கத்தில் இரும்பு அல்லது பித்தளைப் பூண் இருந்தால் கட்டை பிளக்காது. கட்டைக்குப் புளியும் கருவேலமும் ஏற்றவை. பனைவயிரம் அழகாயிருக்கும், ஆனால் சிராய் எழும்பும். பிடி உருண்டையாக இராமல் சற்றுத் தட்டையாக இருந்தால், இருட்டிலும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதென்று கை அறியும். அலகுக்கு அருகில் சிறிது புடைத்திருந்தால் ஈரக்கை முன்னே வழுக்கி வாயின்மேல் போகாது. பிடியின் நீளமோ முழு உள்ளங்கைக்கும் வேண்டும். அலகு சிறிதென்று பிடியையும் சிறிதாக்குவது பெருந்தவறு. நான்கு விரலும் பற்றாத கத்தியால் எவரும் திடமாக அறுத்ததில்லை.

கத்திக்குக் கொடுக்கும் விலையில் உறைக்கென்று ஒரு பங்கு ஒதுக்காதவர்கள் அதைத் துணியில் சுற்றி வேட்டி மடிப்பில் செருகுகிறார்கள். குனிந்தால் நழுவும்; விழுந்தால் வயிற்றில் ஏறும். பனையேறியின் பெட்டி பாளை, மட்டை முதலியவற்றால் ஆனது. அவர் வேலைக்கு அது சரி. மற்றவர்களுக்குத் தோல் உறை வேண்டும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் தமிழ்நாட்டின் பழைய சரக்கு. கடல் கடந்தும் பேர் பெற்றது. அதில் கனமாக ஒரு துண்டு வாங்கி, வாய்ப்பக்கத்துத் தையலுக்கு உள்ளே ஒரு பட்டி சேர்த்துத் தைத்தால் கத்தி தன் தையலைத் தானே அறுத்துக்கொள்ளாது. தலைகீழாகக் கவிழ்த்து உதறினாலும் கத்தி விழக்கூடாது. ஆனால் கட்டைவிரலால் தள்ளினால் வந்துவிட வேண்டும். உறையின் கோடியில் ஒரு சிறு துளை இருந்தால் தண்ணீர் வடியும். இரவில் கத்தியை உறைக்குள் விட்டு வைக்கலாகாது. தோல் ஈரத்தை வைத்துக்கொண்டு அலகை அரிக்கும்.

கத்தி வைத்துக்கொண்டு வெளியே போவது சட்டவிரோதமோ என்று கேட்பவர்கள் உண்டு. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆக்கப்பட்ட கருவிகளை ஆயுதம் என்ற வரையறையில் சேர்க்கவில்லை. அதன்கீழ் 2016-ல் வெளியான விதிகளும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளையே, வீடு, விவசாயம், தொழில் முதலியவற்றுக்கு ஆனவற்றை நீக்கி, ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. 4 அங்குலச் சிறு கத்தி இவ்வெல்லைக்கு வெகுதூரம் கீழே. ஆயினும் சட்டம் கருவியோடு கருத்தையும் பார்க்கும். வரப்புத் தகராறு பேசப் போகும்போதும், திருவிழாக் கூட்டத்திலும், தேர்தல் நாளிலும் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே விவேகம். இருபுறமும் வாய் தீட்டிய பிச்சுவாவை வாங்குகிறவரிடம், இது மாட்டுக் கயிறு அறுக்க என்றால் எந்தப் போலீஸ்காரரும் நம்பமாட்டார். அந்தக் கத்தி கயிறு அறுக்கவும் உதவாது, ஏனெனில் முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்த முடியாது.

இனிச் சொல்லப் போவது கத்தியால் செய்யக்கூடாதவற்றைப் பற்றியது. இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. கரம்பிலும் ஏரிக்கரையிலும் பாம்பு கடித்தால், கடிவாயைக் கத்தியால் கீறி இரத்தம் வடியவிடுவது நெடுநாள் வழக்கம். இது பெருந்தீங்கு. விஷம் கீறலால் வெளிவருவதில்லை; விரியன் விஷம் இரத்தம் உறைவதையே தடுப்பதால் கீறின இடத்தில் இரத்தம் நில்லாமல் ஓடும்; நரம்பு அறுபட்டால் கை கால் முடங்கும். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட அங்கத்தை அசைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதே சிகிச்சை. அங்கே போடும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கிலிருந்தும் எடுத்து விற்று வருவது ஒரு கூட்டுறவுச் சங்கமே. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-ம் வருஷத்தில் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அது. தோலுக்காகப் பாம்பைக் கொன்றுகொண்டிருந்த ஜனங்கள் அதைக் கொல்லாமல் விஷம் எடுத்துத் திரும்ப விடும் தொழிலுக்கு மாறினார்கள். ஆகவே பாம்பு கடித்த இடத்தில் கத்திக்கு வேலையே இல்லை, வண்டிக்குத்தான் வேலை.

அப்படியே, வீட்டில் பிரசவம் ஆனால் இடுப்புக் கத்தியால் கொப்பூழ்க்கொடியை அறுப்பதும். மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஜன்னிக் கிருமி அதன்வழியே குழந்தையின் உடலில் ஏறி, பிறந்து ஒரு வாரத்துக்குள் வாய் கிட்டிப் பால் குடியாமல் செய்துவிடும். இந்தியாவில் தாய் சேய் ஜன்னி ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியதாக 2015-ல் உறுதி செய்யப்பட்டது, தடுப்பூசியாலும் ஆஸ்பத்திரிப் பிரசவத்தாலும்தான். அந்த நிலை தானாகவே நிலைத்து நிற்கும் என்று எண்ணலாகாது. மண் பட்ட கத்தியால் விரலில் ஆழ்ந்த காயம் பட்ட பெரியவர்களுக்கும் இதே அபாயம் உண்டு. சோப்பால் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு உட்காருவது போதாது.

இவ்வளவு குணமும் உள்ள கத்தி எங்கே கிடைக்கும் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. பட்டறையில் கிடைக்கும், பட்டறை இருக்குமானால். இங்கேதான் பனையேறியின் காரியமும் குடியானவரின் காரியமும் ஒன்றாகின்றன. சேலம் ஜில்லாவில் 1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி துவங்கிய மதுவிலக்கு, 1948-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி மாகாணம் முழுவதற்கும் பரவியபோது, கள் இறக்கியவர்களைப் பதநீருக்கும் வெல்லத்துக்கும் திருப்பக் கூட்டுறவு இலாகா பனைவெல்லச் சங்கங்களை அமைத்தது. அப்போது பாளை அரிவாளுக்கு ஆசாரியிடம் தவறாமல் வேலை இருந்தது. பின் வந்த காலத்தில் சீனி மலிந்தது. ஏறுகிறவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். மரங்கள் செங்கற்சூளைக்குப் போயின. பனைமரத்தை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று அரசாங்கம் 2021-ல்தான் அறிவித்தது. மெல்லிய வாய்க்குப் பதம் வைக்கும் வித்தை, அதைக் கேட்டு வாங்கும் பனையேறி இருக்கும்வரைதான் ஆசாரியின் கையில் இருக்கும். கொழுவும் கடப்பாரையும் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும் பட்டறையில் வைக்கோல் நிறத்தைப் பார்க்கும் கண் மங்கிவிடும். அதன் பிறகு பனையேறிக்குப் பாளை அரிவாளும் இல்லை, குடியானவருக்குச் சிறு கத்தியும் இல்லை. கடைத்தெருவின் முலாம் பூசிய தகடே கதி.

ஓர் ஆசாரியை ஒருவர் மாத்திரம் அணுகி ஒரு கத்தி கேட்டால், கரி மூட்டவே அவருக்குக் கட்டுப்படியாகாது. கையில் அகப்பட்ட கம்பியைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார். 30 பேர் சேர்ந்து ஒரே மாதிரிக்கு ஒப்பந்தம் செய்தால் அவர் நல்ல வில்பட்டையாகத் தேடி வாங்குவார், ஒரே உலையில் எல்லாவற்றுக்கும் பதம் வைப்பார், விலையும் இறங்கும். 1904-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் ஐக்கிய நாணய சங்கங்களாகத் தோன்றி இன்று தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் என்று வழங்குபவை விதையும் உரமும் சேர்த்து வாங்குவதுபோல், அங்கத்தினர்களின் தேவையைக் கேட்டு எழுதி இதையும் செய்விப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை. உருக்குக்கும் கரிக்கும் வேண்டிய முன்பணம் கையில் இருந்தால் ஆசாரி தனிக்கடைக்காரரிடம் வட்டிக்கு நிற்க வேண்டாம். கத்திகள் வந்ததும் வாங்கிக்கொள்ளுமுன், ஊரில் பாளை சீவுகிற ஒருவரை அழைத்து, அரமும் பித்தளைக் கம்பியும் கொடுத்து, ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் ஒதுக்கியதை ஆசாரி மறுபதம் வைத்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நலம். பார்த்துக் கொடுப்பவருக்கும் ஒரு கூலி உண்டு. தையில் பாளை கட்டத் தொடங்கிவிட்டால் அவருக்கும் நேரம் இராது, பட்டறையிலும் பாளை அரிவாள் வேலை முந்திக்கொள்ளும். ஆகையால் கார்த்திகைக்குள் பேர்ப்பட்டியல் முடித்து, மார்கழியில் கரி வாங்கிவிட வேண்டும்.